பலகையில் ஓடிய பதினேழு

போன கிழமை மகள் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். தகப்பனின் கல்வித் தகைமை என்று ஒரு கட்டம். பேனையை எடுத்தேன். எழுத முன்னமே கட்டத்துக்குள் பெருவிரல் அடையாளம் விழுந்துவிட்டது. கிறீஸ். மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் வீட்டில் எந்தக் கடதாசியும் வெள்ளையாக இருப்பதில்லை.

"அப்பா, ஓ.எல் எண்டு போடட்டே?" என்றாள். போடு என்றேன். அந்தக் கட்டத்தில் பள்ளிப் பரீட்சைக்குப் பதில் ஒரு பட்டம் வந்திருக்க வேண்டும். நான் நிறையக் கதைக்கிறவன் இல்லை. உங்களுக்குச் சொன்னால் என்ன.

கிறீஸ் மணந்தால் எனக்கு டிப்போ ஞாபகம் வரும். பெரிய பஸ் நிறுவனம். துறைமுகப் பக்கத்து டிப்போவில் நான் பஸ் திருத்துகிற பிட்டர். ஒருநாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டப் பயிற்சித் திட்டம். டிப்போவுக்கு ஒருவரை எடுப்பார்கள். கிழமை நாளில் வேலை, சனி ஞாயிறில் வகுப்பு, நாலு வருடத்தில் என்ஜினியர். எங்கள் டிப்போவில் விண்ணப்பம் போட்டது நான் மட்டும். ஆகவே முதலாவதாகத் தெரிவானேன்.

ஒரு வெள்ளைக் கோட்டுத் தந்தார்கள். பஸ்ஸுக்குக் கீழே படுக்கிறவனுக்கு வெள்ளைக் கோட்டு. எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இருமலுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்டார். கொத்தமல்லி என்றேன். சுகமானது. நாலு வருடத்தில் நான் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனைகளில் யாராவது கேட்டு நடந்தது அது ஒன்றுதான்.

நாளாந்தக் குறிப்பேடு ஒன்றும் தந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் என்ஜினியர் கையெழுத்து வேண்டும். டிப்போவில் என்ஜினியர் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வருவார், தேத்தண்ணி ஆறமுன் எல்லாப் பக்கத்திலும் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் 'மழை' என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். 'திருப்தி' என்று வந்தது.

சோக்குத் தூள் மணமும் அப்படித்தான். வாசலில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. இன்றைக்கு ஓட்டத்தில் எத்தனை பஸ் என்று காலையில் அதில் எழுத வேண்டும். எழுதுகிறவர் டைம்கீப்பர் நிஸார் நானா. கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வருவார். விதி என்ன என்றால், வாசல் தாண்டிய பஸ் ஓட்டத்தில் உள்ள பஸ். எப்படித் தாண்ட வேண்டும், தாண்டி எங்கே போக வேண்டும் என்று விதியில் இல்லை. பலகையில் எண் குறைந்தால் மேலிடம் போன் பண்ணும். ஆகவே ஓடாத பஸ்ஸை நாங்கள் ஆறு பேர் தள்ளி வாசலுக்கு வெளியே விடுவோம். நிஸார் நானா எழுதுவார். திரும்ப உள்ளே தள்ளுவோம். டிப்போவிலே அதிகம் வியர்வை சிந்தி உழைத்த நேரம் அதுதான்.

போர்மன் ராசண்ணை தள்ளு வேலைக்குத் தலைவர். "கோட்டைக் கழட்டிப்போட்டு வா. கை குடுத்தாத்தானே ஓடும்," என்பார்.

அப்படி அதிகமாகத் தள்ளப்பட்டது பதினேழாம் நம்பர். எஞ்சின் கொதிக்கும். ரேடியேட்டர் கேட்டுக் கடிதம் போட்டால், தினமும் ஓடுகிற பஸ்ஸுக்கு ரேடியேட்டர் எதற்கு என்று பதில் வரும். நியாயமான கேள்வி.

தள்ளின பிறகு நிஸார் நானா, அன்றைக்கு ஓடிய பஸ்களை எழுதும் பதிவேட்டை நீட்டுவார். "தம்பி, இதில ஒரு கையெழுத்து வைங்க. டிகிரி படிக்கிற ஆள்ட கையெழுத்துக்கு மேலால ஆரு கேக்கப் போறாங்க." யாரோ என்னிடம் கையெழுத்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. சந்தோசமாக வைத்தேன். தினமும் வைத்தேன்.

கடைசி வருடம் ஓர் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அதில் சித்தியானால்தான் பட்டம். பதினேழை எடுத்தேன். எஞ்சினைக் கழற்றினால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்புப் படிந்து அடைத்திருந்தது. டிப்போக் கிணறு கடலுக்குக் கிட்ட. அந்தத் தண்ணீரைத்தான் எல்லாப் பஸ்ஸுக்கும் ஊற்றினோம். மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி கட்டினால் போதும். பதினேழு நின்ற நாட்களையெல்லாம் ஒன்றும் விடாமல் எழுதினேன். நான் எழுதியவற்றில் உண்மையானது அது.

கொழும்பில் நேர்முகம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்குத் தமிழ் தெரியும். ஒரு பக்கம் என் அறிக்கை, மறுபக்கம் டிப்போப் பதிவேடு.

"இது நிண்டதெண்டு எழுதியிருக்கிறீங்கள். அது ஓடினதெண்டு இருக்கு. ரெண்டுலயும் உங்கட கையெழுத்து."

"ஓம் சேர்."

"எது பொய்?"

பதிவேடு பொய் என்றால் விசாரணை வரும். நிஸார் நானாவுக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ராசண்ணை தள்ளச் சொன்னவர். நானும் தள்ளினவன்தான்.

"அறிக்கைதான் சேர்," என்றேன்.

அவர் உப்பு அடைத்த எஞ்சின் படம் இருந்த பக்கத்தை ஒருமுறை திருப்பினார். பிறகு மூடினார்.

திரும்பி வந்த அன்று நிஸார் நானா வாசலிலேயே கேட்டார். சரிவரேல்ல நானா என்றேன்.

"ஒங்களுக்குப் படிப்பு ஏலாதெண்டு எனக்கு அப்பவே வெளங்கிட்டு தம்பி. மனசில எடுக்காதீங்க," என்று தேத்தண்ணி வாங்கித் தந்தார். சீனி தூக்கலாகப் போடச் சொன்னார். குடித்தேன்.

அவர் முழு ஓய்வூதியத்தோடு போனார். அடுத்த வருடம் திட்டமும் நின்றது. விண்ணப்பிக்க ஆள் இல்லையாம். நானும் விலகி அன்புவழிபுரத்தில் கடை போட்டேன். கோட்டு எண்ணெய் துடைக்க நல்லாய் உதவியது. இப்போது அதுவும் இல்லை, பலகையும் இல்லை. டிப்போ வாசலில் எண் காட்டும் ஏதோ மின்திரை வைத்திருக்கிறார்களாம். கிணறு மட்டும் இருக்கிறது.

பலகை இருந்த காலத்திலேயே பதினேழு போய்விட்டது. அன்று காலை டிப்போவுக்கு எதிர்த்த தேத்தண்ணிக் கடையில் நின்றேன். பழைய இரும்புக்கென்று லொறியில் ஏற்றிக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். புது டைம்கீப்பர் எழும்பி நின்று பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

வாசல் தாண்டியது தாண்டியதுதான். சோக்கை எடுத்து, பலகையில் ஒன்று கூட்டினார்.