முனியாண்டி கோயிலுக்குக் காவிக் கூடாரம் கட்டிய கதை

1. துணியின் நிறம்

சாஆ என்ற மலேசியச் சிற்றூரில் கூடாரம் வாடகைக்கு விட்டே தலை நரைத்தவன் நான். பெயர் அந்தோணி. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இரும்புக் காலை எப்படி நிறுத்துவது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். நிறத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வருடக்கணக்காகும். நீலம் கட்டினால் ஒரு கட்சி, பச்சை கட்டினால் இன்னொரு கட்சி. எந்த வம்பும் வேண்டாம் என்று வெள்ளையை எடுத்தால், அது சாவு வீட்டுத் துணி. அதனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கோடு போட்ட துணி தனியாக வைத்திருந்தேன்.

தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் அதுதான் போகும். நான் கத்தோலிக்கன். ஞாயிறு காலையில் பூசை பார்த்துவிட்டு, மதியம் முனியாண்டி வாசலில் கயிறு கட்டுவேன். எனக்கோ முனியாண்டிக்கோ இதில் சங்கடம் வந்ததே இல்லை. சங்கடம் தினேஷுக்குத்தான் வந்தது.

2. இளைஞர் பிரிவுத் தலைவர்

தினேஷ் கோயிலின் இளைஞர் பிரிவுத் தலைவன். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஊருக்கு வரும் பஸ்ஸில் முழு நேரமும் போனில் இந்திய வீடியோக்கள்தான். இந்தியாவை இந்து நாடு என்று அறிவிக்க வேண்டும், அங்கே அரசாங்கத்துக்கு மதம் இல்லாதது பெரிய அநியாயம் என்பான். அடுத்த மூச்சிலேயே, இங்கே அரசாங்கத்துக்கு இஸ்லாம் என்று ஒரு மதம் எதற்கு, எல்லாரையும் சமமாக நடத்தினால் என்ன என்று கொதிப்பான். இரண்டையும் ஒரே கிளாஸ் தே தாரிக் டீயில் பேசி முடித்துவிடுவான். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளரிடம் வேறு என்ன செய்ய முடியும்?

அந்த வருடம் தோட்டம் கைமாறியிருந்தது. புது முதலாளி கோயிலை அகற்றப் பார்த்தார். கோயில் நிற்கும் இடத்தை ஒதுக்கித் தரச் சொல்லி, கோயில் தலைவி கமலா அக்கா நில அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஓர் அதிகாரி, ஆட்கள் கும்பிட வரும் கோயில்தானா என்று திருவிழாவன்றே நேரில் பார்ப்பதாகச் சொன்னார். அவர் பார்த்துப் பரிந்துரைத்தால் கோயில் நிற்கும். இல்லாவிட்டால் புல்டோசர் வரும்.

இதைக் கேட்டதும் தினேஷ் என் கடைக்கு வந்தான். இந்துக்களின் பலத்தை அதிகாரிக்குக் காட்ட வேண்டும், கூடாரம் முழுக்கக் காவியாக இருக்க வேண்டும் என்றான். என்னிடம் காவி இல்லை என்றேன். கொஞ்சம் தயங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. துணி நம்ம ஆளுங்களுதா இருந்தா நல்லாருக்கும்னு பசங்க சொல்றாங்க."

இத்தனை வருடம் கயிறு கட்டிய இடத்தில் நான் நம்ம ஆள் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. நிஜமாகவே வலித்தது. ஆனால் இரும்புச் சட்டங்கள் என்னுடையவையாகவே இருக்கட்டும் என்றான். இரும்புக்கு மதம் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

துணியைக் குளுவாங் டவுனில் ஒரு வியாபாரியிடம் மலிவு வாடகைக்கு எடுத்து வந்தான். கட்டி முடித்தபோது பளிச்சென்றுதான் இருந்தது.

3. மழைக்குப் பின்

இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால், கூடாரத்தின் ஒவ்வொரு சரிவிலும் ஒரு கட்சியின் சின்னம். அதன் கீழே மலாயில் ஆள் உயர எழுத்து: எங்களுக்கே வாக்களியுங்கள். பழைய தேர்தல் துணி. வியாபாரி அதே நிறப் பெயின்டை மேலே பூசி மறைத்திருக்கிறார். மட்டமான பெயின்ட், மழையில் கரைந்து ஒழுகி, கீழே நின்று அலறிய தினேஷின் வெள்ளை வேட்டியைத்தான் முழுக் காவியாக்கியது.

துணியை அவிழ்ப்பதற்குள் அதிகாரி அம்மையார், புவான் ரொஹானியின் கார் வந்துவிட்டது. இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். இது கட்சி நிகழ்ச்சியா என்று மலாயில் கேட்டார். கட்சி நிகழ்ச்சி என்றால் அரசாங்க ஊழியரான தான் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி, கார் கதவை மறுபடி திறந்தார்.

கமலா அக்கா என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் கழட்டுலா அந்தோணி."

லாரியில் வெள்ளைத் துணி மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

"ஒரு துணியும் வேணாம். முனியாண்டியே கூரை ஆகாதுன்னு மரத்தடியில நிக்கிறாரு. நமக்கு மட்டும் எதுக்கு?"

உண்மைதான். அந்தச் சாமிக்குக் கூரை போடும் வழக்கமே இல்லை. முதலில் ஏறிக் கயிற்றை அறுத்தவன் தினேஷ். வெறும் இரும்புச் சட்டங்களுக்குக் கீழே சனம் வெயிலில் நின்றது. புவான் ரொஹானி குடையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார். எதிரே நின்ற தினேஷிடம், இந்தக் கோயிலுக்குக் கட்சித் தொடர்பு ஏதும் உண்டா என்று கேட்டார்.

ஒழுகிய வேட்டியோடு அவன் நிமிர்ந்து நின்றான். கோயில் வேறு, அரசியல் வேறு, அரசாங்கம் எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது என்று நல்ல மலாயில் முழங்கினான். கமலா அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி கூட்டத்தையும் சாமியையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். சில மாதங்களில் இடம் ஒதுக்கப்பட்டது.

4. பாடம்

தம்பிகளே, வெளியாரிடம் வாங்கும் துணியை முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தொழில் பாடம் அவ்வளவுதான். மற்றது, அன்று மாலை சட்டங்களைப் பிரிக்கும்போது நடந்தது. அதிகாரியிடம் சொன்னதை இந்தியாவுக்கும் சொல்வாயா என்று தினேஷிடம் கேட்டேன்.

"அது வேறண்ணே. அங்க நாம நிறைய பேரு."

கமலா அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். "அப்ப இந்த அந்தோணி அங்க பொறந்திருந்தா எங்கடா நிப்பான்?"

தினேஷ் என்னைப் பார்த்தான். அன்று இரும்புக் கால்களை எல்லாம் அவனே தூக்கி என் லாரியில் ஏற்றினான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.