தின்னாத இனிப்பு

விருத்தாம்பாளுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. இருந்தும் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்துக்குக் கீழே இறங்கியதே கிடையாது. சீட்டைப் பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும், வாயைக் கட்டுங்கம்மா என்று சொல்லி அனுப்புவார்.

மகள் வேல்விழி அதை அப்படியே நம்பினாள். வெல்லத்தையும் சர்க்கரையையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அம்மா வேலை பார்க்கும் பீங்கான் பட்டறைக்கே ஒருநாள் வந்து, அம்மாவுக்கு யாரும் டீ வாங்கித் தராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுடாத பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் தலை நிமிரவில்லை. முதலிரண்டு வருடம் சண்டை போட்டிருந்தாள், தின்னவில்லை என்று கொளஞ்சியப்பர் சாமி மேல் சத்தியமும் செய்திருந்தாள். பிறகு அலுத்துவிட்டது.

வாயில் வேறொரு தொல்லை இருந்தது. பல் துலக்கினால் ரத்தம் வரும். கடைவாய்ப் பற்கள் ஆடின. நாற்றம் அவளுக்கே தெரிந்ததால் முந்தானையால் வாயை மறைத்துப் பேசினாள். மெல்ல முடியாமல் குழைந்த சோற்றைக் கரைத்துக் குடித்தாள். ஐம்பதைத் தாண்டினால் பல் ஆடத்தானே செய்யும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாதம் மத்தியானச் சாப்பாட்டின்போது ஒரு பல் சோற்றோடு கையில் வந்தது. வலியே இல்லை. ரத்தம்தான் நிற்கவில்லை. கூட வேலை செய்யும் மாரியம்மாள் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் காவியா சின்னப் பெண். பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தியபின், விளக்கடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். மாரியம்மாள்தான், பத்துக்கு மேல, திருட்டுத்தனமாத் தின்னுதுன்னு மகளுக்குச் சந்தேகம் என்று சொன்னாள்.

"தின்னாமலும் ஏறும்மா. உங்க ஈறுக்குள்ள பூரா கிருமி, சீழ் வச்சிருக்குது. அந்தப் புண்ணு ஆறாம இருந்தா சர்க்கரை இறங்காது. சர்க்கரை இறங்கலன்னா புண்ணும் ஆறாது."

விருத்தாம்பாளின் வாயில் பஞ்சு இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்ததை டாக்டர் வலி என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஒன்றரை மாதத்தில் ஐந்து முறை போனாள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து. நான்கு பற்களைப் பிடுங்கினார்கள், மற்றவற்றை வேர்வரை சுத்தம் செய்தார்கள். சித்திரை முடிவில் ரத்தம் கொடுத்தபோது ஒன்பது புள்ளி இரண்டு என்று வந்தது. முழுசாகச் சரியாகவில்லை. மாத்திரையும் குறையவில்லை.

வேல்விழி சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"பல்லு இப்பிடி இருக்குதுன்னு ஏம்மா சொல்லல?"

"தின்னலன்னு சொன்னதையே நீ நம்பல. இதை எங்க சொல்றது?"

வேல்விழி எழுந்துபோய் உலை வைத்தாள். விருத்தாம்பாள் பாயை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.