கான்ஸ்டபிள் தாத்தாவின் வீரப் பதக்கம்

என் அண்ணன் வசந்தகுமார் முப்பது வருடமாகக் குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அவனுடைய ஒரே பலவீனம் எங்கள் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்துக் கான்ஸ்டபிள். இதே எஸ்டேட் ஃபாக்டரிக்குக் கத்தியோடு வந்த கொள்ளைக்காரர்களை ஒற்றை ஆளாக விரட்டி, வீரப் பதக்கம் வாங்கியவர். இதை அண்ணன் சொல்லாத ஆளில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

போன வருடம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் பஸ் நிழற்குடை கட்டினார்கள். அதற்குத் தாத்தா பெயரை வைக்க வேண்டுமென்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். ஆதாரம் கேட்டார்கள். பதக்கம் கொடுத்த பழைய ஆங்கில உத்தரவின் நகலைச் சென்னையில் தேடிப் பிடித்தான். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்ததும், வெள்ளைக்காரன் கொடுத்த பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அந்தத் தாளை லைன் ஆட்கள் முன்னால் தமிழில் வாசித்தான். அந்த வெட்கக்கேடு அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

"ஆகஸ்ட் மாதம், மாலை ஐந்து மணி. கத்திகளுடன் ஃபாக்டரி வாசலுக்கு வந்த பன்னிரண்டு பேரை எதிர்த்து நின்று சுட்டார். கும்பலில் ஒருவன் இறந்தான்."

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. இலை பறித்து ஓய்வு பெற்ற பேச்சியக்கா எழுந்தார்.

"ஏனுங்க, ஆகஸ்ட்ல தேயிலைச் செடியில கெளையக் கழிச்சுக் கவாத்து வெட்டுவாங்கல்ல? அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவங்க கையில கத்தி இல்லாம வேறென்னங்க இருக்கும்?"

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீஸ் நாற்காலியை விட்டு இறங்காதவன் அவன். கவாத்துக் கத்தி என்று ஒன்று இருப்பதே எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"எங்கம்மாவப் பெத்த அம்மிச்சிக்குப் பிரசவ வலிங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டு போக லாரி கேட்டுத்தான் அப்பிச்சி ஆளுகளோட வந்தாரு. வாசல்லயே சுட்டுப்புட்டாங்க. நீங்க கொள்ளைக்காரங்கன்னு சொன்னதால அது வேற கதைன்னு இத்தன நாளா நெனச்சிருந்தோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் பதக்கத்தைப் பிடுங்கிய வேகத்தில் சட்டை கிழிந்தது. அன்று சாயங்காலமே இருவரும் பேச்சியக்கா வீட்டுக்குப் போனோம்.

"தப்புங்க அக்கா, மன்னிச்சிருங்க" என்று பதக்கத்தை நீட்டினான்.

"இத வாங்கி நான் என்னங்க பண்றது? அந்தப் பேப்பர்ல எங்க அப்பிச்சி பேரு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

எங்கள் தாத்தா பெயர் மூன்று இடத்தில் இருந்தது. முப்பது வருடம் அந்த லைன் ஆட்களின் பெயர்களை ரெஜிஸ்டரில் எழுதியவன், தலையைத் தூக்காமல் கேட்டான்: "அவரு பேரு என்னங்க?"

"தங்கையா" என்றார் அக்கா. "அப்ப இருவத்தாறு வயசுங்க."

எங்கள் தாத்தா எண்பத்தொன்பது வயது வரை இருந்தார்.