வடக்கு ஜன்னலுக்கு ஒரு பூச்செடி

போன வாரம் ஆசிரியர் அறையில் ஒரு தோழி இரண்டு செடிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சுவா சூ காங் பக்கம் செடி விற்கும் தோட்டத்தில் வாங்கியவை. வேரில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"புது வீட்டைச் சுத்தி ஒரே நிழல்லா. வேற என்ன பூச்செடி வைக்கலாம்? நீதான் சயன்ஸ் டீச்சராச்சே."

"ஒரு வருஷம் பொறு. எந்த மாசம் எந்தப் பக்கம் வெயில் வருதுன்னு பாத்துட்டு வை."

"செடி கேட்டா ஜோசியம் சொல்றியே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஈர மண்வாசனை என்னைச் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்துக்குக் கொண்டுபோய்விட்டது.

பலகைச் சுவர், தகரக் கூரை. அங்கேதான் இருந்தோம். அப்பா நகராட்சியில் கால்வாய் தோண்டினார். அம்மா காசநோய் மருத்துவமனையில் எட்டு மாதம் கிடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வடக்கு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ அகலத்துக்கு வெறும் மண்.

"படுத்துக்கிட்டே பாக்குற மாதிரி ஒரு கனகாம்பரம் வைடி. தலையில வைக்கவும் ஆகும்" என்றார் அம்மா. தலையில் முடி பாதி கொட்டிப்போயிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் முதலாவதாக வந்ததற்கு ஒரு புத்தகம் பரிசு தந்திருந்தார்கள். இங்கிலாந்தில் அச்சான தோட்டக்கலைப் புத்தகம். வீட்டின் வடக்குப் பக்கத்தில் எப்போதும் நிழல்தான், அங்கே ஹைட்ரேஞ்சியா நன்றாகப் பூக்கும் என்று போட்டிருந்தது. படத்தில் நீலப் பூக்கள், ஒவ்வொன்றும் முட்டைக்கோஸ் அளவுக்கு. கனகாம்பரமாவது ஒன்றாவது!

"சித்திரை வைகாசியில வெயில் இந்தப் பக்கம் திரும்பிடும்டி. நான் ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின வருஷம், இப்ப கட்டில் கால் இருக்குற இடம் வரைக்கும் வந்துச்சு."

"புத்தகத்துல போட்டிருக்கும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"சூரியனுக்குப் படிச்சுக் காட்டினியா?"

சிரித்துச் சிரித்தே அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் வகுப்பில் பூமத்திய ரேகையைச் சிவப்புப் பென்சிலால் கோணாமல் வரைந்து நல்ல பெயர் வாங்கியவள் நான். அந்தக் கோடு எங்கள் சந்துக்கு அருகில்தான் போகிறது, அதனால் பாதி வருஷம் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

டிசம்பர் விடுமுறையில் அப்பாவோடு தேக்கா சந்தைக்குப் போய் ஹைட்ரேஞ்சியா கேட்டேன். செடி விற்ற சீனர், "பானாஸ், பானாஸ்" என்று தலையை ஆட்டினார். ஊர்ச் சூட்டுக்கு அது தாங்காது என்கிறார்; புரிந்தது. இருந்தாலும் வாங்கினேன். நாலு மாதம் ஜன்னலடியில் நிழல் நிழலாகவே இருந்தது. செடி துளிர்க்கத் துளிர்க்க அம்மாவை ஜெயித்த பெருமை எனக்கு.

வைகாசியில் வெயில் வந்தது. அம்மா சொன்னபடியே, கட்டில் கால் வரைக்கும். இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது.

ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டது. உச்சி வெயிலில் அம்மா வெளியே நின்றிருந்தார். துணி காயப்போடும் மூங்கிலில் தன் பழைய சேலையை நனைத்துக் கட்டிச் செடிக்கு நிழல் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தினமும் இதைத்தான் செய்திருக்கிறார்.

"எதுக்கும்மா எழுந்து வந்தே?"

"நீ பாத்து வச்ச செடியாச்சே. வாடினா உனக்குத் தாங்குமா?"

நீ சொன்னதுதான் சரி என்று அப்போது சொல்லியிருக்கலாம். "மண்ணு சரியில்ல, அதான்" என்றேன்.

அந்த மாதமே மறுபடியும் மருத்துவமனை. பார்க்கப் போனபோது செடியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அது செத்துப் பத்து நாளாகியிருந்தது.

"மொட்டு விட்டிருக்கும்மா."

அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பினார். "நாந்தான் வெயில் வரும், வெயில் வரும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். படிச்ச புள்ள சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அதன்பின் அம்மா வீடு திரும்பவில்லை. நோய் முற்றியிருந்தது, செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்பா பலமுறை சொல்லிவிட்டார்.

இப்போது அந்தச் சந்து இல்லை. பலகை வீடுகளைப் பிரித்து, மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். நேற்று அங்கே போய் நின்று பார்த்தேன். வடக்கு எது என்று தெரிந்தது. ஜன்னல் எங்கே இருந்தது என்பது தெரியவில்லை. அம்மாவிடம் ஒத்துக்கொள்ள வேண்டியதை எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் பேருந்து ஏறிவிட்டேன்.