சோளக்காட்டிலிருந்து திரும்பி வந்த பந்து

காற்றே இல்லாதபோதும் சோளத்தோகை சரசரவென்று உரசும் சத்தம்... என் கோச் வேலையின் முதல் வருடத்தை நினைத்தால் அதுதான் முதலில் காதில் விழுகிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெண்கள் கிரிக்கெட் டீமுக்குப் பயிற்சி தர என்னைச் சேர்த்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ். மைதானத்துக்கு ஒரு பக்கம் வேலி கிடையாது. பவுண்டரி கோட்டைத் தாண்டினால் ஆளுயரத்துக்கு மக்காச்சோளம்.

பந்து உள்ளே போனால் நாங்கள் தேடப் போக வேண்டியதே இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து யாரோ வீசுவார்கள். சாதாரண வீச்சு இல்லை... தாழ்வாகப் பறந்து வந்து, நேராகக் கீப்பர் பிரபாவின் கிளவுஸுக்குள் விழும்.

களை எடுக்க வந்த பெண் யாரோ என்று நினைத்தேன். அந்தக் கையை எப்படியாவது கிரிக்கெட்டுக்கு இழுத்துவிட வேண்டும் என்று ஆசை. கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை.

ஒரு சாயங்காலம், பந்து வந்த அடுத்த நொடியே உள்ளே ஓடினேன். ஒரு சோளத்தண்டுகூட அசையவில்லை. தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் என் ஷூ தடம் தவிர வேறு தடமே இல்லை.

வந்த வழியே திரும்பி ஓடினேன்.

மறுநாள் அந்தச் சோளக்காட்டுக்குச் சொந்தக்காரரான பாவாயி அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க காட்டுல வேலைக்கு யாருங்க வர்றாங்க? பந்த அவ்வளவு நல்லா வீசுறாங்க."

"இந்த வாரம் யாரும் வரலீங்களே அம்மிணி."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது.

"எந்தக் கையிலீங்க வீசுறாங்க?"

பந்து வளைந்து வரும் விதத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. "இடது கைங்க."

அவர் சோளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு இடது கைக்காரிங்க. பள்ளிக்கொடத்துல எறிபந்து ஆடுவா. வந்து பாரும்மா, வந்து பாரும்மான்னு கூப்புட்டுக்கிட்டே இருப்பா. காட்டு வேலைய உட்டுப்போட்டு எங்கீங்க போறது... காய்ச்சல்ல போயிட்டா."

நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் இந்தப் பக்கமே அடிக்கச் சொல்லுங்க சாமி."

விஷயம் தெரிந்ததும் டீமில் எல்லோருக்கும் பயம். பிரபா மட்டும், "பயமாத்தாங்க இருக்கு மேடம்... ஆனா புடிக்கிறேன்" என்றாள்.

பாவாயி அம்மா தினமும் வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். பந்து உள்ளே போகும். திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் அவர் மெல்லக் கை தட்டுவார்.

கதிர் முற்றிக் காய்ந்த பிறகும் அறுக்க விடவில்லை. கடைசியில் அவர் கணவர் மிஷினைக் கொண்டுவந்துவிட்டார்.

அறுத்த மறுநாள் காடு வெட்டவெளியாகக் கிடந்தது. நானே ஒரு பந்தை அந்தப் பக்கம் அடித்தேன். உருண்டு போய், வெயிலில், எல்லோருக்கும் தெரியும்படி நின்றது.

பாவாயி அம்மா எழுந்து போய் அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"போதுமுங்க" என்றார். அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வரவில்லை.

இப்போது நான் இருப்பது சேலத்தில், ஒரு அகாடமியில். சுற்றிலும் வலை, பந்து போட மிஷின், வீடியோ எடுக்க கேமரா. பயமுறுத்த எதுவும் இல்லை. பயிற்சி முடியும்வரை அம்மாக்கள் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல த்ரோ ஒன்று வரும்போது நான் அவர்கள் பக்கம் போய் நிற்பேன்.

"கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா... உங்க பொண்ணுதான் வீசுறா."