சீனியம்மாள் தேடிய அசல் மாப்பிள்ளை

சீனியம்மாளுக்குப் பதினெட்டில் கல்யாணம். மாப்பிள்ளை ஆறுமுகச்சாமி, அவள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இவளைத் தூக்கி வளர்த்த மாமன் கையாலேயே தாலி. சொந்தமும் விட்டுப்போகாது, சொத்தும் விட்டுப்போகாது என்றார்கள். சொத்து என்று இருந்தது கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் முக்கால் ஏக்கர் கரிசலும் தண்ணீர் இல்லாத ஒரு கிணறும்தான். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு.

முதல் பிள்ளை ஆண். பால் குடிக்கும்போதே வேர்த்து, மூச்சு வாங்கி, நாற்பதாம் நாள் போய்விட்டது. நாகதோஷம் என்றார்கள். அடுத்தது பொன்செல்வி. அவளுக்கும் அதே வேர்வை, அதே மூச்சிரைப்பு. கோமதியம்மன் புற்றுமண்ணைப் பூசியும் ஆயிற்று, கரைத்துக் கொடுத்தும் ஆயிற்று. கடைசியில் ஏழு வயதில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை என்றார் டாக்டர்.

பொன்செல்வி உள்ளே இருந்த நேரத்தில், அதே நோவுக்கு மகனைக் கூட்டிவந்திருந்த கடையநல்லூர் ஷிரின் பானு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு சொந்தமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"எங்கம்மாவோட தம்பி. ஒங்களுக்கு?"

"எங்க சாச்சா மவன்."

சித்தப்பா மகனா? சீனியம்மாளுக்குத் திக்கென்றது. "எங்கள்ல அது அண்ணன் முறைலா."

"எங்கள்ல தாய்மாமனக் கட்டுறது ஹராம்," என்றாள் ஷிரின் பானு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முகம் சுளித்தார்கள். பிறகு சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. சாமி வேறு, சாதி வேறு, ஆகும் முறை ஆகாத முறை எல்லாம் வேறு. வந்து உட்கார்ந்த பெஞ்சு மட்டும் ஒன்று.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார். "சொந்தத்துல கட்டுனா எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வரும்னு இல்லம்மா. அசல்ல கட்டுனவங்களுக்கும் வருது. ஆனா ரத்தம் நெருங்க நெருங்க வாய்ப்பு கூடும். இவளையாவது வெளிய குடுங்க."

அன்றைக்கே சீனியம்மாள் முடிவு செய்துவிட்டாள். மகளுக்கு அசல் மாப்பிள்ளைதான். உறவு என்று ஒரு நூல்கூட ஒட்டாத இடம். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்ததா? அவள் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் வேலைக்குப் போனது கூடப்பிறந்த அண்ணன் காசிராஜனின் விசைத்தறிக் கொட்டகைக்கு. அவர் மகன் இசக்கிராஜாவுக்கு முறைப்பெண் பொன்செல்வி. "மருமகளே" என்றுதான் அவளை வீட்டில் எல்லாரும் கூப்பிடுவார்கள். மகளுக்கு இருபத்தொன்று ஆனதும் சீனியம்மாள் வெளியில் ஜாதகம் கொடுத்தாள். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை.

ஆறு இடம் வந்தது. ஆறு பேரிடமும் சீனியம்மாள் ஆபரேஷனைச் சொன்னாள். நெஞ்சின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது, கட்டிய பிறகு தெரிந்தால் பிள்ளைக்குத்தானே கேவலம் என்பது அவள் நினைப்பு. பனவடலிசத்திரத்து மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்தே போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பேறுகாலம் தாங்குமா?" என்று கேட்டாள். டாக்டர் தாங்கும் என்று எழுதிக் கொடுத்த சீட்டைச் சீனியம்மாள் எடுத்து நீட்டினாள். அந்தம்மாள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுதான் ஊர்ல. ஒனக்கு ஒண்ண மறைக்கத் தெரியல," என்றார் ஆறுமுகச்சாமி.

அப்போதுதான் காசிராஜன் தாம்பாளத்தோடு வந்தார். பழம், பூ, ஒரு பட்டுச்சேலை.

"அசலான் எவம்ட்டி கட்டுவான்? நான் இருக்கேன்லா. சொந்தத்துல மறைக்கதுக்கு என்ன இருக்கு?"

"சொந்தமே வேண்டாம்னுதான அண்ணே டாக்டர் சொன்னாரு."

"டாக்டரா வந்து மாப்பிள்ள பாத்துக் குடுக்கப்போறாரு?"

தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது. குறையுள்ள, ஒச்சமான பெண்ணுக்கு வாழ்க்கை கொடுக்கிறாராம். பொன்செல்வியை ஒச்சமாக்கியது எது என்று ஒரு வாய் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சீனியம்மாள் இன்னும் மல்லுக்கட்டியிருப்பாள். பொன்செல்விதான் முடித்துவைத்தாள். "போதும்மா. வாரவன் போறவன்ட்டல்லாம் என் நெஞ்சப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காத. இசக்கி அத்தானுக்கே குடுத்துரு." மகள் வாயால் இதைக் கேட்ட பிறகு அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கல்யாணமான ஏழாம் மாதம் பொன்செல்வி முழுகாமல் இருந்தாள். பதிவு போட வந்த நர்ஸ் நிர்மலாதேவி, சுமக்கிறவளுக்கே ஓட்டை இருந்திருக்கிறது, சொந்தத்திலும் கட்டியிருக்கிறது, ஐந்தாம் மாதம் பிள்ளையின் இதயத்தைத் தனியாக ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றாள். திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். பிள்ளைக்கும் ஓட்டை. பெரிதுதான், ஆனால் பிறந்த பிறகு சரிசெய்யலாம், பயப்படாதீர்கள் என்றார் அந்த டாக்டரம்மா.

மறுநாள் காசிராஜன் வீட்டில் பேச்சு. பொன்செல்வி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். இசக்கிராஜா வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசிராஜன் முதலில் தொண்டையைச் செருமினார்.

"எங்க வம்சத்துல எவனுக்கும் நெஞ்சுல ஓட்ட கெடையாது. இது ஒம்மவ கொண்டுவந்தது."

சீனியம்மாள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

"ஒரே வயித்துலதான அண்ணே நாம ரெண்டு பேரும் பொறந்தோம்? ஒன் வம்சம் எங்கன முடிஞ்சு, என் வம்சம் எங்கன தொடங்குது?"

அதற்கு மதினிதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசிப்பவள் போலச் சொன்னாள்.

"பேறுகாலத்துக்கு ஒன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போ. பெறகு அங்கனயே இருக்கட்டும். எம்புள்ளைக்கு என்ன வயசா போயிட்டு? இனியாவது ரத்தம் கலக்காம, நல்ல அசலாப் பாத்து முடிக்கணும்."

அந்த வீட்டில் யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று சீனியம்மாள் பதினைந்து வருஷம் காத்திருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் பிள்ளைக்கு.