கவாலாவில் ஒரு சுவர்

எங்கள் மகள் கிரேக்கப் பையன் ஒருவனை விரும்புவதாகச் சொன்னபோது, தகப்பனையும் கூட்டிக்கொண்டு வரச்சொல் என்று மட்டும் என் கணவர் சொன்னார். ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரும் ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பையனுக்குத் தாய் இல்லை. தந்தை இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது தட்டுத்தடுமாறிய ஜெர்மன் மட்டும்தான்.

பேச்சு அடிக்கடி நின்றுபோனது. அதற்காகவே அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டேன். கவாலா, வட கிரேக்கத்துத் துறைமுகப் பட்டணம். மிகப் பழைய ஊராமே, ஒருமுறை பார்க்க ஆசை என்றேன். அவர் முகம் இறுகியது.

"பழைய ஊர்தான். அந்தப் பழமைதான் என்னை இங்கே துரத்தியது."

கலியாணமான புதிதில், பெற்றோரின் வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறார். மண்வெட்டி ஒரு சுவரில் முட்டியது. செதுக்கி அடுக்கிய பெரிய கற்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். ஆராய்ந்து முடியும்வரை கட்டக்கூடாது. அது முடியவேயில்லை. வாடகை அறையில் இருந்து அலுத்துப்போய், மனைவியோடு ஜெர்மனிக்கு ரயிலேறினார். அந்த வீட்டில் ஒரு நாளும் வாழாமலே மனைவி இங்கே கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகவில்லை.

அதுவரை சோற்றைப் பிசைந்தபடி இருந்த என் கணவர் நிமிர்ந்தார். போர்க்காலத்தில் ஊரில் எங்கள் வீடும் அதைச் சுற்றிய வளவும் ராணுவ வேலிக்குள் போனதையும், ராணுவம் அதை விட்டபிறகு போய்ப் பார்த்தபோது அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்ததையும் சொன்னார்.

மகள் கரண்டியை வைத்துவிட்டாள். "அப்பா, இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

அன்று புறப்படும்போது, நீங்கள் போய்ப் பார்ப்பதென்றால் நானும் வருகிறேன் என்று கணவர் அவரிடம் சொன்னார். உபசாரம் என்றே நினைத்தேன். வசந்தத்தில் இருவரும் உண்மையாகவே கவாலாவுக்குப் போனார்கள்.

திரும்பிவந்து கணவர்தான் எல்லாம் சொன்னார். வளவைச் சுற்றித் தகரவேலி. உள்ளே இடுப்பளவு புல், ஓர் அத்திமரம். பக்கத்து வீட்டுக்காரி சம்பந்தியை அடையாளம் கண்டு தன் தோட்டத்துக்குள் அழைத்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் சுவர் தெரிந்ததாம். சம்பந்தி கடலில் தெரிந்த தீவைக் காட்டி, அங்கிருந்து வந்தவர்கள்தான் இந்தச் சுவரைக் கட்டினார்கள், ஊருக்குப் 'புது நகரம்' என்றுதான் பெயரும் வைத்தார்கள் என்றாராம்.

"அப்ப சுவரைக் கட்டினவையும் எங்களைப்போல வந்து குடியேறின ஆக்கள்தானே எண்டு கேட்டன். அதுக்குத்தான் மனுசன் அழத் தொடங்கினது," என்றார் கணவர்.

சுவரைக் கட்டியவர்கள் ஒன்றும் அவருடைய வீட்டைப் பறிக்க வந்தவர்கள் இல்லை. இத்தனை காலமும் அவர்கள்மேல்தான் சம்பந்திக்குக் கோபம். அந்தக் கோபத்தை இனி எங்கே வைப்பதென்று தெரியாமல் போனதும் ஒரு துக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளைகளின் கலியாணம் முடிந்ததும் சம்பந்தி கோடைக்குக் கவாலாவில் ஓர் அறை எடுக்கப்போகிறாராம். மகள் இப்போதெல்லாம் தகப்பனிடம் எங்கள் வளவைப் பற்றிக் கேட்கிறாள். கிணறு எந்தப் பக்கம் என்று நேற்றுக் கேட்டாள். அவர் மேசையில் விரலால் கீறிக் காட்டினார்.